மைத்துனரின் மாடியும் அப்பாவின் பழமொழியும்

கேள்வி: ஓசூர் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறேன், காவேரிப்பட்டணத்திலிருந்து தினமும் கம்பெனிப் பேருந்தில் போய்வருகிறேன். அப்பா பெயரில் இரண்டு ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. என் மைத்துனர் சென்ற ஆண்டு மூன்று அடுக்கு வீடு கட்டி, காரும் வாங்கிவிட்டார். ஒரு ஏக்கரை விற்று, மீதிக்குக் கடன் வாங்கி நாமும் மாடி எடுக்கலாம் என்றால், “போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து” என்று அப்பா வாயை அடைக்கிறார். “திருப்தி என்பது சோம்பேறி சொல்லும் சாக்கு” என்கிறார் மைத்துனர். யார் சொல்வது சரி? நிம்மதியாக வாழ்வதற்கு என்னதான் வழி?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், காவேரிப்பட்டணம்.

பதில்: இருவரில் ஒருவருக்குத் தீர்ப்பு எழுதித் தரும் வேலையை நான் ஏற்கவில்லை. உங்கள் கடிதம் மூன்று பக்கம். இங்கே சுருக்கி வெளியிட்டிருக்கிறோம். மைத்துனர் வீட்டுப் படிக்கட்டில் பதித்த கிரானைட்டின் நிறம், மாடிக் கைப்பிடியின் எஃகு, முகப்பில் நிற்கும் தூண்களின் உயரம் என்று அந்த மூன்று பக்கத்திலும் விவரம் நிறைந்திருக்கிறது. ஆனால் நீங்கள் இப்போது குடியிருக்கும் வீட்டில் எங்கே இட நெருக்கடி, யாருக்குப் படுக்க அறை இல்லை, மழைக்காலத்தில் எந்த மூலை ஒழுகுகிறது என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. உங்கள் மனைவிக்கு என்ன வேண்டும் என்பதும் இல்லை. அடுத்தவர் வீட்டை இவ்வளவு நுணுக்கமாக அளந்தவர், சொந்த வீட்டுக்குள் அளவுகோலை எடுத்துச் செல்லவே இல்லை.

முதலில் அப்பா. அவர் சொன்ன பழமொழி நல்லதுதான். அதைத் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும்வரை. இன்னொருவர் கேட்கும்போது பதிலுக்கு அதை எடுத்து வீசினால், அது அறிவுரை என்ற நிலையிலிருந்து இறங்கி, பேச்சை முடித்துவைக்கும் தந்திரமாகிவிடுகிறது. பண்ணையார்கள் கூலி ஆட்களிடமும், முதலாளிகள் கூலி உயர்வு கேட்டவர்களிடமும் இதே பழமொழியைத்தான் சொல்லி வந்திருக்கிறார்கள். இல்லாதவனிடம் போய்ப் போதும் என்று சொல்லச் சொல்வதற்கு யாருக்கும் உரிமை கிடையாது. உங்கள் அப்பா அந்த ரகம் என்று நான் சொல்லவில்லை. தோப்பு கைவிட்டுப் போய்விடுமோ என்ற அச்சத்தை நேரடியாகச் சொல்லத் தயங்கி, பழமொழிக்குள் ஒளிந்துகொள்கிறார் என்றே தோன்றுகிறது.

மைத்துனர் சொல்வதற்குப் பதில் தேடி நீங்கள் தொலைவு போக வேண்டியதில்லை; பக்கத்துத் தருமபுரியே போதும். அன்று தகடூர் என்று அழைக்கப்பட்ட அந்த ஊரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, நெடுநாள் வாழவைக்கும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்த கதை பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதே அதியமான்தான் படை திரட்டிப் போய்க் கோவலூரை வென்றவனும். அந்தப் போர் நல்லதா என்பது வேறு விவாதம். ஆயினும் தனக்கு இவ்வளவு ஆயுள் போதும் என்று கனியைக் கைமாற்றியவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை என்பது மட்டும் உறுதி.

இனி நீங்கள் கேட்ட வழி. இதைப் பற்றி மிகத் தெளிவாக யோசித்தவர்களில் ஒருவர், கி.மு. 341 முதல் 270 வரை வாழ்ந்த கிரேக்கத் தத்துவ ஞானி எபிகூரஸ். இன்பமே வாழ்க்கையின் குறிக்கோள் என்று அவர் சொன்னதால், தின்று குடித்துக் கூத்தடித்தவர் என்ற கெட்ட பெயர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அவர்மீது ஒட்டிக்கிடக்கிறது. உண்மையில் ஏதென்ஸ் நகரை ஒட்டிய ஒரு தோட்டத்தில், பெண்களும் அடிமைகளும்கூட இடம்பெற்ற நண்பர் கூட்டத்தோடு, பெரும்பாலும் ரொட்டியும் தண்ணீரும் சாப்பிட்டு வாழ்ந்த மனிதர் அவர். ஒரு சிறு பானைப் பாலாடைக்கட்டி அனுப்பிவை, வேண்டும்போது விருந்து வைத்துக்கொள்கிறேன் என்று நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்.

ஆசையை ஒழி என்று அவர் சொல்லவில்லை. பிரித்துப் பார்க்கச் சொன்னார். பசிக்கு உணவு, தாகத்துக்குத் தண்ணீர், வெயிலுக்கும் குளிருக்கும் மறைப்பு ஆகியவை இயல்பானவை, இன்றியமையாதவை. வகைவகையான பதார்த்தங்கள் இயல்பானவைதான். கிடைத்தால் அனுபவிக்கலாம், கிடைக்காவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. மூன்றாவது வகை, இயல்பும் அல்லாதது, தேவையும் அல்லாதது. தனக்கு முடி சூட்ட வேண்டும், சிலை வைக்க வேண்டும் என்கிற வகை. முதல் வகைக்கு ஓர் எல்லை உண்டு, வயிறு நிறைந்ததும் அது நின்றுவிடும். மூன்றாவதற்கு எல்லையே இல்லை, ஏனென்றால் அதை அளப்பது நம் உடம்பல்ல, பிறர் கண். உங்கள் மைத்துனர் நான்காவது அடுக்கு எழுப்பும் நாளில், நீங்கள் கட்டியிருக்கப்போகும் மாடி தானாகவே குட்டையாகிவிடும். அந்த மூன்று பக்கக் கடிதத்தில் தூண்களின் உயரம் இடம்பிடித்ததைப் படித்தபோது, எனக்கு எபிகூரஸ் சொன்ன அந்தச் சிலை ஆசைதான் நினைவுக்கு வந்தது.

இன்னொரு நண்பரிடம் அவர் ஓர் இளைஞனைக் குறித்துச் சொன்னது, உங்களுக்கே எழுதியதுபோல் இருக்கிறது: அவனைப் பணக்காரனாக்க விரும்பினால் பணத்தைக் கூட்டாதே, ஆசையைக் குறை. இதை அப்பா உங்களிடம் சொன்னால் எரிச்சல் வரும். நீங்களே காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து, பணம் கைக்கு வருவதற்கு முன்பே, எனக்கு எவ்வளவு போதும் என்று எழுதி வைத்தால் பயன் தரும். பணம் வந்த பிறகு அந்தக் கணக்கைப் போட்டு வென்றவர் யாரும் இல்லை.

தோப்பு விஷயத்தில் ஒரு நடைமுறைச் செய்தி. அடிமையாக இருந்து விடுதலை பெற்று ஆசிரியரான எபிக்டீட்டஸ் என்ற மற்றொரு ஞானி, நம் கையில் உள்ளது எது, இல்லாதது எது என்று பிரிப்பதிலிருந்தே பாடத்தைத் தொடங்குவார். மா விவசாயிக்கு இதைச் சொல்லித்தர ஆள் தேவையில்லை. கவாத்து செய்வதும், பூ எடுக்கும் பருவத்தில் தத்துப்பூச்சிக்கும் சாம்பல் நோய்க்கும் மருந்து அடிப்பதும் உங்கள் அப்பாவின் கையில் இருக்கின்றன. ஓர் ஆண்டு காய்த்துக் கொட்டிய மரம் மறு ஆண்டு ஓய்வெடுத்துக்கொள்வதும், பெங்களூரா ரக மாங்காய்க்கு மாங்கூழ் ஆலைகள் அந்தப் பருவத்தில் என்ன விலை வைக்கும் என்பதும் அவர் கையில் இல்லை. வங்கித் தவணையோ மாதந்தவறாமல் வந்து நிற்கும். தோப்பில் பாதியை விற்று, மீதித் தோப்பின் வருமானத்தை நம்பித் தவணை கட்டலாம் என்று உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் போட்டிருக்கும் கணக்கு, காய்ப்பில்லாத முதல் ஆண்டிலேயே உடைந்துபோகும். அதன் பிறகு இரவு ஷிப்ட் முடிந்து மாடி அறையில் படுத்தால் தூக்கம் வருமா என்று யோசியுங்கள்.

தோப்பு அப்பா பெயரில் இருக்கிறது என்பதையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. அவருடைய சொத்தை விற்பதா வேண்டாமா என்பதில் உங்கள் திருப்திக்கோ அதிருப்திக்கோ இடமே இல்லை. அது அவருடைய முடிவு.

வீட்டில் உண்மையிலேயே ஓர் அறை போதவில்லை என்றால், சம்பளத்துக்குள் அடங்கும் தவணையில் கடன் வாங்கி அந்த ஓர் அறையை மட்டும் கட்டுங்கள். தோப்புப் பேச்சையே எடுக்க வேண்டிய தேவை வராது. இல்லை, மாடிதான் வேண்டும் என்றால், அது யார் பார்ப்பதற்கு என்று உங்கள் மனைவியிடம் கேட்டு, அவர் சொல்லும் பதிலைச் சுருக்காமல் எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். அதற்குப் பக்கம் ஒதுக்குகிறோம்.