விரிசல் விட்ட ட்ரிங்கோமலி: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

பாய்மரக் கப்பல் மாதிரிகள் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எச்.எம்.எஸ். ட்ரிங்கோமலி போர்க்கப்பலை 1:64 அளவில் செய்து வருகிறேன். பிளைவுட்டில் ஏராவையும் (கப்பலின் அடி முதுகெலும்பு) உடலின் வடிவம் தருகிற குறுக்குத் தட்டுகளையும் வெட்டி நிறுத்தி, போன ஜூன், ஜூலையில் உடற்பலகை ஒட்டினேன். நிஜக் கப்பல் தேக்கு என்பதால் மரக்காலையில் தேக்கு வாங்கி, 5 மி.மீ. அகலம், 1 மி.மீ. தடிப்பில் கீற்றுகளாக அறுப்பித்தேன். வெந்நீரில் ஊறவைத்து, வளைத்து, வெள்ளை மரப்பசையால் ஒட்டினேன். பெப்ரவரியில் பார்த்தால் பலகைகளுக்கு நடுவே நகம் நுழைகிற அளவு இடைவெளி. முன்பக்கம் பலகைகளின் விளிம்பு படிப்படியாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பசை சரியில்லையா? எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வேறு மரம் போடட்டுமா? பாய்மரக் கயிறுகளுக்கு எந்த நூலை வாங்கிவைப்பது?

வாசகர் ஒருவர், ஹட்டன்

*

அன்புள்ள வாசகருக்கு,

பசைமேல் பழி போட வேண்டாம். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது, அகலவாக்கில் ஓயாமல் அசையும். தென்மேற்குப் பருவமழையில் ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் வீட்டுக்குள் கிடக்கிற மரமும் ஈரத்தை இழுக்கும். தை, மாசியில் அதை விட்டுவிடும். இந்த ஏற்ற இறக்கத்தில் அகலம் நூற்றுக்கு ஒரு பங்கு மாறுகிறது என்று வைத்தால், 5 மி.மீ. பலகைக்கு 0.05 மி.மீ. தான். அதனால் மட்டும் நகம் நுழையாது. நீங்கள் ஊறின பலகையை ஈரத்தோடேயே ஒட்டியிருக்கிறீர்கள். ஊறின பலகை அகலத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு வரை ஊதும். ஒரு பலகைக்கு 0.15 மி.மீ. என்றால் இருபது வரிக்கு 3 மி.மீ. காய்ந்து சுருங்கும்போது இது எல்லா இணைப்பிலும் சமமாகப் பிரிந்து திறப்பதில்லை. பசை பலமாகப் பிடித்த இடம் அப்படியே இருக்கும். பலவீனமான ஓர் இணைப்பில் நாலைந்து பலகையின் சுருக்கமும் சேர்ந்து வாய் பிளக்கும்.

ஆகவே ஊறவைப்பது வளைப்பதற்கு மட்டும். 1 மி.மீ. பலகைக்குப் பத்துப் பதினைந்து நிமிட வெந்நீர் போதும். வளைத்ததைக் குறுக்குத் தட்டுகளில் கிளிப் போட்டோ, அதே வளைவில் வெட்டிய கட்டையில் கட்டியோ காயவிடுங்கள். வெயில் காலத்தில் ஒரு நாள், மழைக்காலத்தில் இரண்டு நாள். கிளிப்பைக் கழற்றினால் பலகை தானாகவே அந்த வடிவத்தில் நிற்கவேண்டும். அப்படி நின்றால்தான் பசை தொடலாம். துள்ளி நிமிர்கிற பலகையைப் பசையாலும் ஊசியாலும் அடக்கி உட்காரவைத்தால், அது காலம் முழுவதும் அந்தப் பசையோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருக்கும்.

காலத்தையும் கணக்கில் எடுங்கள். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாவில் இருப்பவர்களுக்குப் பலகை ஒட்ட ஏற்ற மாதங்கள் ஜனவரி முதல் மார்ச் வரை. பண்டாரவளை, பதுளைப் பக்கம் கதை வேறு. அங்கே வடகீழ்ப் பருவமழைதான் பெரிது, ஜூன் முதல் ஓகஸ்ட் வரை காற்றும் வறட்சியும். அவர்கள் அப்போது ஒட்டட்டும். பருவம் தவறித்தான் வேலை செய்யவேண்டும் என்றால் ஒரு பழைய அலுமாரித் தட்டில் 25 வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு, கீற்றுகளை அதற்குள் வைத்து எடுங்கள். வெள்ளைப் பசைக்கும் சூடு வேண்டும். பல பசைகள் 10 பாகை செல்சியசுக்குக் கீழே ஒழுங்காகப் பிடிக்காது. காய்ந்த இடம் கண்ணாடி மாதிரித் தெளியாமல் சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் குளிரில் ஒட்டியதென்று அர்த்தம், அந்த இணைப்பை நம்பாதீர்கள். நுவரெலியாவில் மார்கழி, தை இரவுகளில் இது சாதாரணம். மாலையில் ஒட்டிவிட்டுப் படுக்கப்போகிற பழக்கத்தைவிட, காலையில் ஒட்டிப் பகல் சூட்டில் காயவிடுவது நல்லது.

அணியத்தில், அதாவது முன்மூக்கில், விளிம்பு தூக்குவது வேறு நோய். அதற்கும் ஈரத்துக்கும் சம்பந்தமில்லை. கப்பலின் நடுவயிற்றில் சுற்றளவு கூட, முன்னால் போகப்போகக் குறைவு. ஒரே அகலப் பலகையை முனைவரை ஓட்டினால் அதற்குப் படுக்க இடம் இருக்காது. ஒரு விளிம்பில் ஏறி நிற்கும். வேல்ஸ் என்கிற தடித்த பலகை வரிகளின் கீழ்விளிம்பிலிருந்து ஏரா வரை ஒரு கடதாசிக் கீற்றை ஒவ்வொரு குறுக்குத் தட்டின் மேலும் படியவைத்து அளவெடுங்கள். நடுத்தட்டில் 100 மி.மீ. வந்தால், 5 மி.மீ. பலகை இருபது வரி. முதல் குறுக்குத் தட்டில் 62 மி.மீ. தான் வருகிறதென்றால், அந்த இடத்தில் ஒவ்வொரு பலகையும் 3.1 மி.மீ. ஆக ஒடுங்கவேண்டும். பாதி அகலத்துக்குக் கீழே, இங்கே 2.5 மி.மீ. க்குக் கீழே, எந்தப் பலகையையும் ஒடுக்கக்கூடாது. அதற்கும் கீழே போகிறதென்றால் இரண்டு வரியை ஒன்றாக்குங்கள். பின்பக்கம் அடியில் இதற்கு நேர்மாறாக 110 மி.மீ. வரலாம். அங்கே பலகையை அகலப்படுத்தவேண்டும், அல்லது இரண்டு வரிக்கு நடுவே ஒரு குறும்பலகையைச் செருகவேண்டும்.

ஒவ்வொரு தட்டிலும் இருபதால் வகுத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஒரு பெரிய கடதாசியில் ஒரு பக்கம் 6 மி.மீ. இடைவெளியிலும் மறுபக்கம் 2.5 மி.மீ. இடைவெளியிலும் இருபத்தொரு கோடுகளை விசிறியாகக் கீறிக்கொள்ளுங்கள். அளவெடுத்த கடதாசிக் கீற்றை அதன்மேல் குறுக்கே நகர்த்துங்கள். கீற்றின் இரு முனையும் முதல் கோட்டிலும் கடைசிக் கோட்டிலும் பொருந்துகிற இடத்தில் நிறுத்தி, நடுக்கோடுகளைக் குறித்தால் பங்கு பிரிந்துவிடும். அந்தக் குறிகளைத் தட்டின் விளிம்புக்கு மாற்றுங்கள். இதற்கு ஒரு முழு நாள் போகும். அந்த நாளைத் தயங்காமல் கொடுங்கள், மிச்ச வேலை முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

ஒடுக்கினாலும் பலகை தட்டையாகவே இருந்தால் போதாது, அகலவாக்கிலும் சற்று வளையவேண்டும். ஊறின பலகையை ஒரு தட்டையான பலகைமேல் படுக்கவைத்து, ஒரு முனையைக் கிளிப்பால் பிடித்து, மற்ற முனையைப் பக்கவாட்டில் தேவையான அளவு இழுத்து அதையும் பிடியுங்கள். மேலே ஸ்திரிக்கைப் பெட்டியை அழுத்தித் தேயுங்கள். நீராவி எழும்போது உள்வளைவில் சுருக்கம் கிளம்பப் பார்க்கும், பெட்டியின் பாரம் அதை அமுக்கிவிடும். ஆறினபின் கழற்றினால் வளைவு நிற்கும். முழுமையாகக் காய்ந்த பிறகே கப்பலுக்கு.

பலகைக்கு முன்னாலேயே பிழை ஆரம்பித்திருக்கவும் கூடும். குறுக்குத் தட்டுகளின் விளிம்பைச் சரித்துச் சீவினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அணியத்திலும் பின்பக்கத்திலும் பலகை தட்டின் முழுத் தடிப்பிலும் படியவேண்டும், ஒரு முனையில் மட்டும் தொட்டால் பசைக்குப் பிடிமானமே இல்லை. தட்டின் விளிம்பு முழுக்கப் பென்சிலால் கறுப்படித்துவிட்டு, மூன்று தட்டுகளையாவது ஒருசேரத் தொடுகிற நீளமான கட்டையில் சாண்ட் பேப்பர் ஒட்டித் தேயுங்கள். நடுவயிற்றை நோக்கிய ஓரத்தில் மயிரிழைக் கறுப்பு மிஞ்சும்போது நிறுத்துங்கள். அதையும் தேய்த்தால் கப்பலின் வடிவம் மெலிந்துவிடும். பிறகு 2 மி.மீ. சதுரக் குச்சி ஒன்றை நாலைந்து தட்டுகளின்மேல் ஓட்டிப் பாருங்கள். குச்சிக்கு அடியில் வெளிச்சம் தெரிகிற தட்டு தாழ்ந்தது, மரச்சீவலை ஒட்டி உயர்த்துங்கள். குச்சியை முதுகு வளையத் தூக்குகிற தட்டு மேடு. முன்னாலுள்ள இரண்டு தட்டுகளின் இடைவெளியை மரக்கட்டையால் அடைத்து உருட்டிவிடுவது மிக நல்லது. தோட்டங்களில் கிடைக்கிற அல்பீசியா இதற்குப் போதும், மென்மையாக இருப்பதால் உளி இலேசாக ஓடும். ஆனால் அது சீக்கிரம் உளுத்துப்போகும். போராக்ஸ் கரைசலில் ஊறவைத்துக் காயவிட்டு, மேலே ஷெலாக் என்கிற அரக்கு மெருகு பூசியே உள்ளே வையுங்கள்.

பலகையை இடமும் வலமும் மாறிமாறி ஒட்டுங்கள். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால், சுருக்கம் ஒரு பக்கமாக இழுத்து ஏரா வாழைப்பழம் மாதிரி வளையும். அதை நிமிர்த்த வழியே கிடையாது.

இனி, கழற்றவேண்டுமா? வேண்டாம். நீங்கள் ஒட்டிய தேக்கை முதற்படலமாக எடுத்துக்கொண்டு, மேலே 0.6 மி.மீ. தடிப்பில் இரண்டாம் படலம் போடுங்கள். இடைவெளிகளில் மக்கு அடைக்காதீர்கள், மழை வந்து மரம் ஊதினால் அது பிதுங்கும். அதே தேக்கில் ஊசிச் சீவல் எடுத்துப் பசையோடு செருகி, காய்ந்தபின் தேய்த்துவிடுங்கள். அணியத்தில் அரை மில்லிமீற்றருக்குள் தூக்கி நிற்பவற்றைத் தேய்த்தே சமப்படுத்தலாம். அதற்கு மேல் தூக்கி நிற்கும் பலகைகளை மட்டும் முன்பாதியில் கழற்றுங்கள். இணைப்பில் ஐசோப்ரோப்பைல் அல்கஹோலைத் தூரிகையால் நனைத்துக் கால் மணி விட்டால் வெள்ளைப் பசை இளகும், மெல்லிய கத்தியை நுழைத்துக் கிளப்பலாம். இரண்டு படலமும் சேர்ந்து உடலைத் தடிக்கவைக்காதபடி முதற்படலத்தை முழுவதும் 0.7 மி.மீ. அளவுக்குத் தேய்த்து எடுங்கள். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. இரண்டாம் படலம் ஒட்டுவதற்குச் சற்று முன்னால் அசிட்டோனில் நனைத்த துணியால் துடையுங்கள்.

அந்த இரண்டாம் படலம் தேக்காக இருக்கக்கூடாது. நிஜ ட்ரிங்கோமலி மலபார்த் தேக்கில் பம்பாயில் கட்டப்பட்டது உண்மைதான். கட்டியவர் ஜாம்செட்ஜி பொம்மன்ஜி வாடியா, நீரில் இறங்கியது 1817 ஒக்டோபர் 12. அதன் வரைபடங்களை முதலில் கொண்டுவந்த ஜாவா என்ற கப்பல் 1812 இல் அமெரிக்கரின் கொன்ஸ்டிடியூஷனிடம் தோற்று அழிந்ததால், மறுபடி பிரதி எடுத்து அனுப்பவேண்டி வந்தது. திருகோணமலையின் பெயரைத் தாங்கிய அந்த உடல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது என்றால் அது தேக்கின் பெருமை. ஆனால் 1:64 இல் தேக்கின் துளைகளும் ரேகைகளும் 64 மடங்கு பெரிதாகத் தெரியும். பலகையில் புழு அரித்த குழிகள் போலவே கண்ணுக்குப் படும். மாதிரிக்கு வேண்டியது ரேகை தெரியாத, துளை நுண்ணிய மரம். உடலுக்கு நம் மரக்காலைகளில் கிடைக்கிற சப்பு மரம் நன்றாக ஓடும். கப்பி, டெட்ஐ (கயிற்றை இறுக்க உதவும் துளையிட்ட வட்டக் கட்டை), முகப்புச் சிலை போன்ற பொடிவேலைக்குப் பழைய தேயிலைச் செடியின் அடிமரத்தை எடுங்கள். மீள்நடுகைக்காகப் பிடுங்கிப்போடுகிற செடிகளில் அடிமரம் நல்ல தடிப்பாக இருக்கும். இறுக்கமான மரம், கூர்விளிம்பு நிற்கும், 0.5 மி.மீ. துளை போட்டாலும் உதிராது. பிடுங்கியவுடன் அறுக்காதீர்கள். இரு முனையிலும் மெழுகு உருக்கித் தடவி, நிழலில் ஓராண்டாவது விட்டுவையுங்கள். இல்லாவிட்டால் நடுவிலிருந்து நட்சத்திரமாக வெடிக்கும். கொய்யாவும் இதே வேலைக்கு ஆகும்.

இரண்டாம் படலத்தில் பலகை நீளத்தையும் கவனியுங்கள். நிஜத்தில் ஒரு பலகை இருபது, இருபத்தைந்து அடி. 1:64 இல் 95 முதல் 120 மி.மீ. முனையிலிருந்து முனைக்கு ஒரே கீற்றாக ஓட்டினால் தெரிந்தவர் கண்ணுக்கு உடனே படும். ஒரு வரியில் இணைப்பு வந்த தட்டில் அடுத்த மூன்று வரிகளிலும் இணைப்பு வரக்கூடாது. நீர்க்கோட்டுக்குக் கீழே செப்புத் தகடு போடுவதாக இருந்தால் அங்கே இந்தக் கவனம் தேவையில்லை. தகடு நிஜத்தில் 4 அடிக்கு 14 அங்குலம், உங்களுக்கு 19 க்கு 5.5 மி.மீ. முன் தகட்டின் பின்விளிம்பு பின் தகட்டின்மேல் ஏறவேண்டும். ஆணித் தலைகளைப் புடைப்பாகக் குத்தாதீர்கள், இந்த அளவில் அவை தெரியவே மாட்டா.

எந்த ஆண்டுக் கப்பல் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். 1817 இல் பீரங்கித் தளத்தில் பக்கத்துக்குப் பதினான்காக 28 பதினெட்டு இறாத்தல் பீரங்கிகள், மேல்தளத்தில் மற்றவை. 1840களில் அது 26 பீரங்கிக் கப்பலாகக் குறைக்கப்பட்டது. இரண்டையும் கலந்து செய்கிறவர்கள் அதிகம். துவாரம் வெட்டியபின் மாற்ற முடியாது.

நூலுக்கு வருவோம். பருத்தியும் சணலும் வேண்டாம். நனைந்தால் இழை ஊதிக் கயிறு நீளத்தில் குறுகும், காய்ந்தால் தொங்கும். நம் ஊர் மூடுபனியில் இது வருடம் முழுக்க நடக்கும், மேல்பாய்மரத்தின் நுனியையே பக்கமாக இழுத்துவிடும். தையல் கடையில் கிடைக்கிற பொலியெஸ்டர் நூலை வாங்கி, இரண்டோ மூன்றோ இழையை முறுக்கித் தேவையான தடிப்புக்குக் கயிறு திரியுங்கள். பாய்மரத்தைத் தாங்கும் நிலைக்கயிறுகள் தார் பூசியவை, கறுப்புக்கு அண்மையான கபில நிறம். பாயை இயக்கும் கயிறுகள் வெளிர் நிறம்.

தடிப்பில் எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. அந்தக் கால அட்டவணைகள் கயிற்றின் சுற்றளவைத்தான் தருகின்றன, விட்டத்தை அல்ல. அட்டவணையில் 9 அங்குலம் என்றிருந்தால் 3.14 ஆல் வகுத்து 2.87 அங்குலம், 73 மி.மீ. அதை 64 ஆல் வகுத்தால் 1.1 மி.மீ. வகுக்க மறந்தால் மூன்று மடங்கு தடித்த கயிறு வந்து கப்பலையே மூடிவிடும்.

பாய்மரத்தை இரு பக்கமும் தாங்குகிற ஷ்ரவுட் கயிறுகளைச் சோடி சோடியாக மடித்துப் பாய்மரத் தலையில் போடுங்கள். முதற்சோடி வலது முன்பக்கம், அடுத்தது இடது முன்பக்கம், பிறகு மாறிமாறிப் பின்னோக்கி. மேல் டெட்ஐ எல்லாம் ஒரே உயரத்தில் நிற்பதற்கு, கம்பியை இரு முனையிலும் மடித்து ஒரு கொக்கி செய்து, கீழ் டெட்ஐயின் துளைக்கும் மேல் டெட்ஐயின் துளைக்கும் நடுவே மாட்டிவிட்டுக் கட்டுங்கள். ஏணிப்படிபோல் குறுக்கே ஓடும் ராட்லைன்களுக்கு 5 மி.மீ. இடைவெளி. கோடு கீறின கடதாசியைப் பின்னால் வைத்து, நடு ஷ்ரவுட்களில் க்ளோவ் ஹிட்ச் என்கிற சுற்று முடிச்சைப் போட்டு, இரு ஓரத்திலும் கட்டிவிடுங்கள். இறுக்கி இழுத்தால் ஷ்ரவுட்கள் நடுவில் ஒடுங்கி இடுப்புப் பிடித்த மாதிரி ஆகும். முடிச்சு விழுந்தால் போதும், இழுவை வேண்டாம். மேல், கீழ் டெட்ஐகளை இணைக்கிற லான்யார்ட் கயிறுகளின் கடைசி முடிச்சைப் போட அவசரப்படாதீர்கள். பாய்மரத்தை முன்னோக்கியும் பின்னோக்கியும் தாங்குகிற மேலுள்ள ஸ்டேகளும் பேக்ஸ்டேகளும் எல்லாம் ஏறியபின், முன்னிருந்து பின்னாக ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, பாய்மரம் நேராக நிற்கிறதா என்று பின்னாலிருந்து பார்த்துவிட்டு முடியுங்கள்.

இரண்டாம் படலத்தில் வேல்ஸுக்குக் கீழே ஐந்து வரி முடிந்ததும் அணியத்தை நேர் முன்னாலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். படத்தைப் பார்த்தபின் ஆறாவது வரியை ஒட்டலாம்.