சவ்வுக்கால்: கேள்வியும் பதிலும்

கல்லடி: ஐயா, தாராவின் விரல்களுக்கு நடுவே சவ்வு எப்படி வந்தது?

வந்ததல்ல, போகாமல் நின்றது. முட்டைக்குள் கோழிக்குஞ்சின் காலும் முதலில் துடுப்பு மாதிரித்தான் இருக்கும். அப்புறம் பி.எம்.பி. என்ற புரதங்கள் சொல்ல, விரலிடைக் கலங்கள் தாமாகவே மடிந்து விரல்கள் பிரியும். தாராவில் கிரெம்லின் என்ற புரதம் அதைத் தடுத்துவிடும், சவ்வு தங்கிவிடும். வௌவால் சிறகிலும் அதே கிரெம்லின் வேலை செய்கிறது. நம் கைவிரல்களும் வயிற்றில் 6 முதல் 8 கிழமைக்குள் இப்படித்தான் பிரிந்தன.

தாரா பின்னுக்கு உதைக்கும்போது சவ்வு விரிந்து தண்ணீரைத் தள்ளும். காலை முன்னுக்கு இழுக்கும்போது விரல்கள் ஒடுங்கி, சவ்வு மடிந்துவிடும்.

காத்தான்குடி: முதலைக்கும் இருக்கா?

பின்காலில் இருக்கிறது. ஆனால் நீந்துவது வாலால். வாவியில் தோணியிலிருந்து காலைத் தொங்கப்போடாதீர்கள்.

வாகரை: நீர்நாய்க்கு?

உண்டு.

அக்கரைப்பற்று: சவ்வுக்கால் பறவை மரத்தில் ஏறாது என்பார் எங்கள் வாப்பா.

வீட்டுத் தாராவைப் பார்த்துச் சொல்லியிருப்பார். நீர்க்காகமும் கூழைக்கடாவும் கூடு கட்டுவதே மரத்தில்தான். தாராவுக்கு முன்விரல் மூன்றுக்கு மட்டும் சவ்வு; இவற்றுக்கு நாலு விரலும் ஒரே சவ்வுக்குள்.

அக்கரைப்பற்று: அவை தாரா இல்லையே!

சரி, தாராவுக்கே வருகிறேன். விசிலடித்துப் பறக்கும் சிறகியும் தாரா இனம்தான். மரப்பொந்திலும் முட்டையிடும். பொழுதுபடக் குளக்கட்டு மரங்களை அண்ணாந்து பாருங்கள்.

பொத்துவில்: பொந்திலிருந்து குஞ்சு எப்படி இறங்கும்?

குதிக்கும். பஞ்சுக் கனம், அடிபடாது. வாப்பாவிடம் இதையும் சொல்லுங்கள்.

அக்கரைப்பற்று: அவர் நம்பமாட்டார்.

ஏறாவூர்: தாராவுக்கு ஏன் சவ்வு?

முதல் பதிலைப் படியுங்கள்.

தாழங்குடா: தாழைக்கோழிக்குச் சவ்வில்லையே, நீந்துகிறதே?

நல்ல கேள்வி. வெறும் நீள விரல்களை வைத்து, தலையை வெட்டி வெட்டிச் சமாளிக்கிறது. நாமக்கோழிக்கும் முக்குளிப்பானுக்கும் ஒவ்வொரு விரலிலும் இலை போல மடல். சவ்வு ஒன்றுதான் வழி என்றில்லை.

செங்கலடி: தாராக் காலில் ஏன்...

முதல் பதில், தம்பி.

களுவாஞ்சிக்குடி: இப்போது வாவிக்கரையில் நிற்கிறேன். சேற்றில் உள்ளங்கை அகலச் சவ்வுத் தடம், நடுவில் நெளிந்த கோடு. பெரிய தாராவா?

தாரா கோடு போடாது. கபரகொய்யா என்ற பெரிய நீர் உடும்பு வாலை இழுக்கும், அதற்குச் சவ்வில்லை. மேட்டுக்கு ஏறுங்கள், படம் பிறகு எடுக்கலாம்.