முதுகில் முளைத்த வெள்ளை முடி

கேள்வி: அப்பா விட்டுச்சென்ற குதிரையை வைத்துப் பிழைக்கிறேன். மாலையில் மெரினாவில் பிள்ளைகளை ஏற்றிச் செல்வேன். முகூர்த்த நாட்களில் ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் மாப்பிள்ளை ஊர்வலம். அதற்கு வயதாகிவிட்டது, பிடரிக்குப் பின்னால் மேட்டில் இருபுறமும் நரைத்திருக்கிறது. அப்பா காலத்துச் சேணத்துக்கு அடியில் இரண்டு கம்பளி போட்டு ஓட்டுகிறேன். இளம் குதிரை ஒன்றும் வாங்கியிருக்கிறேன். அகலத்தை மாற்றக்கூடிய புதிய சேணம் ஒன்று வாங்கினால் இரண்டுக்கும் போதுமா? ஆவணியில் இரண்டு ஊர்வலத்துக்கு முன்பணம் வாங்கிவிட்டேன்.
– வாசகர், காசிமேடு

பதில்: தம்பி, "இருபுறமும் நரைத்திருக்கிறது" என்று எழுதிவிட்டு நீங்கள் பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை. வயதான குதிரைக்கு நரைப்பது முகத்தில், கண்ணைச் சுற்றி. மேட்டின் இருபுறமும் ஒத்தாற்போல் வெளுத்தால் அது தழும்பு. சேணத்தின் முன்வளைவு குறுகலாக இருந்து, அழுத்தி அழுத்தி, முடியின் வேர் கெட்டுப்போய் வெள்ளையாக முளைத்திருக்கிறது. அது ஒரு நாளில் வருவதில்லை. தினமும் தேய்த்துக் குளிப்பாட்டுகிற கைக்கு இது தெரியாமல் போனதா?

இரண்டு கம்பளி வேறு! கடிக்கிற ஷூவுக்குள் இன்னொரு காலுறையைத் திணித்தால் கடி குறையுமா? இன்று சேணத்தை இறக்கியதும் முதுகைப் பாருங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் முதுகு முழுக்க நனைந்திருக்கும். நடுவே ஓரிரு இடம் மட்டும் காய்ந்து கிடந்தால், வியர்வைகூட வராத அளவுக்கு அங்கே அழுந்துகிறது.

புதிய சேணத்தில் மாறுவது முன்பக்க இரும்பு வளைவின் அகலம் மட்டுமே. உள்சட்டத்தின் நீளமும் முதுகோடு ஒட்டும் வளைவும் மாறாது. அதனால் கம்பளி இல்லாமல் வெறும் முதுகில், தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள். ஆள் ஏறிய பிறகும் மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். முதுகெலும்பின் மேல் முன்னிருந்து பின்வரை காற்றோடும் பள்ளம் வேண்டும். சேணத்தின் பின்முனை கடைசி விலா எலும்பைத் தாண்டக் கூடாது. அடியில் உள்ளங்கையை விட்டு நகர்த்துங்கள். நடுவில் கை தொளதொளவென்று போனால் பாரம் முழுவதும் இரு முனைகளிலும் இறங்குகிறது, அது வேண்டாம்.

ஒரே சேணம் இரண்டுக்கும் ஆகாது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது, திருகைக் கழற்றி இரும்பை மாற்றிக்கொண்டிருக்க மாட்டீர்கள். இளையதற்கே வாங்குங்கள். அதன் முதுகில் சதை ஏற ஏற, சில மாதங்களுக்கு ஒருமுறை அகலத்தைப் பார்த்து மாற்ற வேண்டியிருக்கும்.

பெரியதற்குச் சேணமே வேண்டாம். உங்கள் வீட்டில் உலை கொதித்தது அந்த முதுகால்தான். அப்பாவிடம் சொத்தை வாங்கிக்கொண்டவர் அவருடைய பொறுப்பையும் வாங்கிக்கொள்ள வேண்டும். உழைத்த உயிருக்குக் கடைசிக் காலத்தில் தீனியும் நிழலும் தருவது பிள்ளையின் கடன். வலிக்கிற முதுகோடு அப்பாவை மூட்டை தூக்க அனுப்பியிருப்பீர்களா?

வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டுவதற்கு முன், விடியலில், சேணமில்லாமல் கையில் பிடித்து நடத்திக் கூட்டிச் சென்று முதுகைக் காட்டுங்கள். ஆவணி ஊர்வலங்களுக்கு வாங்கிய முன்பணத்தை இந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்; அவர்களுக்கும் வேறு குதிரை பார்க்க நாள் வேண்டும்.