கணினிக் கடை பதில்கள்: பழைய சிடி, பழைய கணினி, தேய்ந்த விரல்

*1998 முதல் 2005 வரை எங்கள் ஊர்க் கோயில்கள், கண்மாய்கள் பற்றி எழுதிய கட்டுரைகள் ஒரு சிடியில் இருக்கின்றன. மகனின் புது லேப்டாப்பில் திறந்தால் இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது. அத்தனையும் போய்விட்டதா அம்மா?*
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சாத்தூர்

ஓர் எழுத்துகூடப் போகவில்லை ஐயா. நிம்மதியாக இருங்கள். முதல் வேலையாகச் சிடியில் உள்ளதை ஒரு பென் டிரைவிலும் மகனின் லேப்டாப்பிலும் பிரதி எடுத்து வைத்துவிடுங்கள். இருபது வருஷச் சிடி எந்த நாளும் கைவிடலாம்.

நீங்கள் அனுப்பிய பிரிண்ட்டைப் பார்த்தேன். அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. அந்தக் கால எழுத்துருக்கள் தமிழைச் சேமிக்கவே இல்லை என்பதுதான் விஷயம். 'தமிழ்' என்று நீங்கள் அடித்தபோது கோப்புக்குள் போனது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அந்த ஐந்தின் மேலும் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்ற வடிவங்களைப் பாமினி போர்த்திக் காட்டியது. பாமினி இல்லாத கணினியில் போர்வை விலகிவிடுகிறது, அவ்வளவுதான். பாமினியை நிறுவினால் இன்றே படிக்கலாம். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள், எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். என்எச்எம் கன்வெர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் போன்ற இலவச மாற்றிகளை இதற்காகவே நம்மவர்கள் செய்து கொடுத்தார்கள். பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருளில் பக்கம் கட்டியிருந்தால், இலவச லிப்ரே ஆபிஸில் உள்ள 'டிரா' அந்த பேஜ்மேக்கரின் 6, 7ஆம் பதிப்புக் கோப்புகளைத் திறக்கும்.

மாற்றிய பிறகு எண்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பாமினியில் காற்புள்ளி விசைதான் 'இ'. ஆகவே எண்ணை இங்கிலீஷ் எழுத்துருவில் அடித்திருந்தால், கண்மாய்ப் பாசனம் 1,200 ஏக்கர் என்பது '1இ200 ஏக்கர்' ஆகியிருக்கும். நடுவில் வந்த இங்கிலீஷ் சொற்களும் உருத்தெரியாத தமிழாகியிருக்கும். அவற்றைக் கையால்தான் திருத்த வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நான் பட்டிருக்கிறேன். பாளையங்கோட்டையில் 1994இல் ஜாப் டைப்பிங் கடை போட்டேன். காசு கொடுத்து வாங்கிய ஒரு தமிழ் மென்பொருளுக்கு 'லாக்' என்று விரல் நீளத்தில் ஒரு கட்டை கொடுத்தார்கள். பிரிண்டர் கேபிள் மாட்டும் இடத்தில் அதைச் செருகினால்தான் தமிழ் வரும். 2003இல் அது பழுதானது. விற்றவர்கள் கடையை மூடிவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு கோயிலின் தல வரலாறு, 140 பக்கம், என் கணினிக்குள்ளேயே இருந்தது. என்னால் ஒரு வரி படிக்க முடியவில்லை. பழைய புரூஃப் தாளை வைத்து முதலிலிருந்து அடித்தேன். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடையும் டேஸ்16 என்ற தமிழ்க் குறியீட்டையும் தரமாக அறிவித்தபோது நான் மகிழ்ந்ததற்கு அந்த 140 பக்கம்தான் காரணம். இன்றும் தனி எழுத்துருவில் அடித்த கோப்பை வாங்கிக்கொண்டு வேலை முடிந்தது என்று நினைக்கிற அலுவலகங்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது.

*எங்கள் பள்ளிக் கணினி அறையில் எட்டுப் பழைய கணினிகள். எல்லாம் விண்டோஸ் 10. இனி பாதுகாப்பு இல்லை, மாற்றியே ஆகவேண்டும் என்கிறார் சர்வீஸ் தம்பி. எட்டும் புதிதாக வாங்கப் பணம் இல்லை. லினக்ஸ் போடலாமா? பிள்ளைகள் வேலைக்குப் போகுமிடத்தில் விண்டோஸ்தானே இருக்கும்?*
– தலைமையாசிரியை, உதவிபெறும் பள்ளி, சங்கரன்கோவில்

அந்தத் தம்பி சொன்னதில் பாதி சரி, டீச்சர். விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் பொதுவாக 2025 அக்டோபர் 14ஓடு நின்றுவிட்டன. உங்கள் கணினிகளின் வயதைப் பார்த்தால் அடுத்ததான விண்டோஸ் 11ஐ ஏற்காது. அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் புதிய தலைமுறைச் செயலியும் கேட்கிறது. அதற்காக ஓடுகிற இயந்திரத்தைக் காயலான் கடைக்கு அனுப்ப வேண்டியதில்லை.

லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம். அதில் ஒரு வகையான லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை ஒரு பென் டிரைவில் போட்டு, எதையும் அழிக்காமல் அதிலிருந்தே ஒரு கணினியை ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். பள்ளி விவரங்களைப் பதியும் எமிஸ் தளம் பிரவுசரில்தான் ஓடுகிறது, அது நிற்காது. பிரிண்டரை மட்டும் முதல் நாளே சோதியுங்கள். இடறினால் அங்கேதான் இடறும். ஒத்துவந்தால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகத்தைப் போடச் சொல்லுங்கள். கணினி புதிதுபோல எழும்.

வேலைக்குப் போகுமிடம் பற்றிய உங்கள் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். அங்கே அரசுப் பள்ளிக் கணினிப் பாடமே பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் நடக்கிறது, பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வு உட்பட. அந்தப் பிள்ளைகளும் எல்லா அலுவலகத்திலும் வேலை பார்க்கிறார்கள். விரிதாளில் கூட்டுத்தொகை போடத் தெரிந்த பிள்ளைக்கு அடுத்த மென்பொருளில் பொத்தான் எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு நாள் போதும்.

நம் ஊரிலும் முயன்றார்கள். 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினியில் விண்டோஸோடு, மத்திய அரசின் சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. பிளஸ் டூ பிள்ளைகள் மடிக்கணினியைப் பையோடு என் கடைக்குத் தூக்கிவந்து, "அக்கா, இந்த பாஸை அழிச்சிருங்க, படத்துக்கு இடம் வேணும்" என்பார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லமாட்டேன். பாஸை வைத்து என்ன செய்யலாம் என்று அவர்களுக்கு யாரும் ஒரு வகுப்பு எடுத்திருக்கவில்லை. கேரளத்தில் முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பாடப்புத்தகத்தையும் அதற்கேற்ப எழுதினார்கள். ஆகவே டீச்சர், எட்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதலில் உங்கள் மேசைக் கணினியை மாற்றுங்கள். ஒரு மாதம் நீங்களே அதில் சுற்றறிக்கை அடியுங்கள்.

*அப்பா ஸ்பின்னிங் மில்லில் 31 வருஷம் வேலை பார்த்தவர். பி.எஃப். பென்ஷன் வருகிறது. உயிர்வாழ் சான்றுக்குப் போனால் கைரேகை விழவில்லை என்று இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். பென்ஷன் நின்றுவிடுமோ என்று சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார்.*
– மகள், ராஜபாளையம்

முதலில் அப்பாவைச் சாப்பிடச் சொல்லுங்கள் தாயி. விரல் ஒன்றுதான் வழி என்றில்லை. ஜீவன் பிரமாண் என்ற மின்னணு உயிர்வாழ் சான்று முறையில் முகத்தைக் காட்டியும் சான்று எடுக்கலாம். ஓர் ஆண்ட்ராய்டு போனில் ஜீவன் பிரமாண் செயலியையும் ஆதார் ஃபேஸ் ஆர்டி செயலியையும் இறக்குங்கள். போன் அப்பாவுடையதாக இருக்க வேண்டியதில்லை. ஆதார் எண், பிபிஓ எண் (பென்ஷன் ஆணை எண்), வங்கிக் கணக்கு எண் மூன்றையும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, கண்ணாடியைக் கழற்றி, செயலி சொல்லும்போது கண் சிமிட்டச் சொல்லுங்கள். முடியாவிட்டால் தபால்காரரிடம் கேளுங்கள்; இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி மூலம் வீட்டுக்கே வந்து எடுத்துத் தரும் ஏற்பாடு உண்டு. இன்னொன்று: பி.எஃப். பென்ஷன்காரர்கள் நவம்பருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எந்த மாதம் கொடுத்தாலும் அன்றிலிருந்து ஒரு வருஷம் செல்லும்.

என் அம்மா நாற்பது வருஷம் பீடி சுற்றினவர். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கூழாங்கல்போல வழவழப்பாகிவிட்டன. ஒரு மையத்தில் ஈரத்துணியால் துடைத்தார்கள், எண்ணெய் தடவினார்கள், நான்கு முறை அழுத்திப் பிடித்தார்கள். ஐந்தாவது முறை அம்மா தானே கையை இழுத்துக்கொண்டு, "நான் நான்தான்னு எப்படிச் சொல்றது?" என்று கேட்டார். உழைத்துத் தேய்ந்த விரல் அது. விரல் விழாவிட்டால் முகம், அதுவும் ஆகாவிட்டால் கருவிழி என்று அந்த அறைச் சுவரில் தமிழில் எழுதி ஒட்ட ஒரு தாள்தானே வேண்டும்? நான் பெரிய எழுத்தில் அடித்துத் தருகிறேன், காசு வேண்டாம். கேட்கிற மையத்துக்கெல்லாம் அனுப்புவேன்.

*தமிழ் டைப்பிங் பழைய தட்டச்சு இயந்திர முறையில் படிக்கவா, கணினிக்கான தமிழ்99 விசைப்பலகை முறையில் படிக்கவா அக்கா?*
– கல்லூரி மாணவி, தென்காசி

அரசுத் தட்டச்சுத் தேர்வு எழுதுவதாக இருந்தால் தட்டச்சு முறையை விடாதேம்மா. இல்லையென்றால் தமிழ்99. இடது கைக்கு உயிர், வலது கைக்கு மெய். அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு தட்டினால் 'அம்மா' வந்துவிடும், புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். நான் தட்டச்சுத் தேர்வில் ஹையர் பாஸானவள், நாற்பது வயதுக்கு மேல் மாறினேன். மூன்றாவது வாரம் கீழே பார்க்காமல் அடித்தேன்.