“நமக்குள்ள எதுக்கு நன்றி?” – இழப்புக்குப் பின் எழும் கேள்விகளும் என் பதில்களும்

துக்கத்தில் இருப்பவர்களோடு உட்கார்ந்து பேசுவது 18 ஆண்டுகளாக என் வேலை. நெருங்கிய ஒருவரைப் பறிகொடுத்த பிறகு, கூட இருக்கும் உறவுகளையும் நண்பர்களையும் நன்றியோடு எப்படிப் பார்ப்பது என்று பலர் கேட்டிருந்தீர்கள். வந்த வரிசையிலேயே பதில் தருகிறேன். நான் மருத்துவர் இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கே: அம்மா போய் நாலு மாசம் ஆச்சு. அப்பா, அக்கா, ரெண்டு தோழிகள் எல்லாரும் என்னைத் தாங்கிக்கிட்டு இருக்காங்க. எனக்கு அவங்க மேல நன்றியே வரல, எரிச்சல்தான் வருது. நான் கெட்டவளா?

ப: இல்லை. நன்றி வர வேண்டுமென்றால் அடுத்தவர் செய்ததை முதலில் கவனித்திருக்க வேண்டும். முதல் மாதங்களில் அந்தக் கவனம்தான் நமக்கு இருக்காது. தூக்கம் கெடும், பசி தெரியாது, காதில் விழுந்தது மறந்துபோகும். அக்கா நேற்று என்ன செய்தார் என்பதே மனதில் பதியாதபோது நன்றி எங்கிருந்து வரும்?

எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. வெளியே சொல்லக் கூசுவோம். “போனது ஏன் அவங்களா இருக்கணும், இவங்க இருக்காங்களே” என்ற எண்ணம் ஒரு நொடி வந்து போகும். அதைச் சொல்லிவிட்டு என் முன்னால் தலைகுனிந்து அழுதவர்கள் நிறையப் பேர். இருப்பவர் மேல் அவர்களுக்கு வெறுப்பு இருந்ததில்லை. போனவருக்கான ஏக்கம் போக இடமில்லாமல் பக்கத்தில் இருப்பவர் மேல் மோதுகிறது, அவ்வளவுதான்.

அதனால் நன்றி என்ற உணர்ச்சியைத் தேடி உங்களைத் துருவாதீர்கள். நடந்ததைத் தேடுங்கள். அந்த நாட்களில் கதவைப் பூட்டியது யார்? எல்லோருக்கும் தகவல் சொன்னது யார்? ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார்? என்னிடம் வந்த ஒரு பெண், அப்பா இறந்து மூன்று மாதம் கழித்துத் தன் போனில் அந்த இரவின் அழைப்புப் பட்டியலைப் பார்த்திருக்கிறார். 41 அழைப்புகள். ஒன்றுகூட அவர் பேசியதில்லை. தம்பி போனை வாங்கிக்கொண்டு, “அப்பா போயிட்டார்” என்ற வாக்கியத்தை 41 முறை சொல்லியிருக்கிறான். அதுவரை தம்பி மேல் அவருக்கும் எரிச்சல்தான்.

ஒரு எச்சரிக்கை. “ஆவது” என்ற சொல்லைப் பக்கத்தில் சேர்க்காதீர்கள். “அப்பாவாவது இருக்காரே”, “கஷ்டப்படாமலாவது போனாங்களே”. இந்த மூன்றெழுத்து, இருப்பவரைத் தூக்கி, போனவருக்கு எதிராகத் தராசின் மறு தட்டில் வைக்கிறது. அப்பா அம்மாவுக்கு ஈடு அல்ல. அவர் அப்பா.

கே: துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் உண்டே. ஏற்றுக்கொள்ளும் கட்டம் வந்தால்தானே நன்றி வரும்?

ப: மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அந்த ஐந்தை (மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு) சொன்னது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசியதை வைத்து. உறவை இழந்தவர்களுக்கான படிக்கட்டு அல்ல அது. நன்றி முதல் நாளே ஒரு நிமிடம் வந்து, ஆறு மாதம் காணாமல் போகலாம்.

கே: நன்றி டைரி எழுதச் சொல்றாங்க. தினமும் மூணு விஷயம். பலன் இருக்குமா?

ப: எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பழக்கத்தைப் பரப்பியதில் முக்கியமானது. அதில் எழுதியவர்கள் கல்லூரி மாணவர்களும், நரம்புத்தசை நோய் உள்ளவர்களும். அண்மையில் யாரையோ இழந்தவர்களை வைத்துச் செய்த ஆய்வு அல்ல. எழுதினால் இதமாக இருக்கிறது என்றால் எழுதுங்கள். மூன்றாவது விஷயம் கிடைக்காமல் பேனாவோடு உட்கார்ந்து அழுகிறீர்கள் என்றால் மூடி வையுங்கள்.

கே: கணவர் பெயரில் உள்ள காப்பீட்டுத் தொகையை வாங்க என்ன செய்யணும்?

ப: இது என் துறை அல்ல. வழக்கறிஞரைப் பாருங்கள். தனியாகப் போகாமல் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.

கே: பழைய நண்பர்களோட நேத்து வாய்விட்டுச் சிரிச்சேன். வீட்டுக்கு வந்ததும் மகனுக்குத் துரோகம் செஞ்ச மாதிரி இருந்தது.

ப: ஸ்ட்ரோப், ஷுட் என்ற துக்க ஆய்வாளர்கள் இருவர் 1999இல் விளக்கியது இதைத்தான்: துக்கத்தில் இருக்கும் மனம் இழப்பின் பக்கமும் வாழ்க்கையின் பக்கமுமாக மாறி மாறிப் போய் வரும். அப்படிப் போய் வந்தால்தான் தாங்க முடியும். உங்களைச் சிரிக்க வைத்தவர்கள் உங்களுக்கு ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்திருக்கிறார்கள்.

கே: எத்தனை மாசத்துல சரியாகும்?

ப: மாதக்கணக்கு கிடையாது. ஆனால் நாளில் பெரும்பகுதி ஏக்கமே ஆட்கொண்டு, எந்த வேலையும் ஓடாத நிலை நீண்டுகொண்டே போனால் உதவி வேண்டும். இந்த நிலையை நோயாகக் கணிக்க, உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாடு குறைந்தது 6 மாதத்தையும், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் பெரியவர்களுக்குக் குறைந்தது 12 மாதத்தையும் எல்லையாக வைத்திருக்கின்றன. உயிரை விடத் தோன்றினால் எந்த மாதத்துக்கும் காத்திருக்காதீர்கள், அன்றே மருத்துவரிடம் போங்கள்.

கே: நண்பரோட குழந்தை இறந்துடுச்சு. இன்னொரு குழந்தையாவது இருக்கேன்னு ஆறுதல் சொல்லலாமா?

ப: வேண்டாம். மேலே “ஆவது” பற்றி எழுதியதைப் படியுங்கள். இறந்த குழந்தையின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள்.

கே: நீங்க சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்ல. எங்க தம்பி இறந்தப்போ அண்ணன் மூணு வாரம் வேலைக்குப் போகாம என்கூடவே இருந்தார். அவர்கிட்ட போய் நன்றின்னா, “என்னை யாரோன்னு நினைச்சிட்டியா”ன்னு கேட்பார். நமக்குள்ள எதுக்கு நன்றி? அது வெளியாளுக்குச் சொல்றது.

ப: சொல்லைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. பேச்சில் “நன்றி” மேடைச் சொல்லாகத்தான் ஒலிக்கும். ஆனால் “அண்ணே, அந்த மூணு வாரம் நீ இல்லன்னா நான் எழுந்தே இருக்க மாட்டேன்” என்பதில் அந்தச் சொல்லே இல்லையே. “துறவற்க துன்பத்துள் துப்பாயார் நட்பு” என்ற வரியை வள்ளுவர் நட்பு அதிகாரத்தில் வைக்கவில்லை, செய்ந்நன்றி அறிதலில் வைத்தார். துன்பத்தில் துணை நின்றவரை விடாமல் இருப்பதே நன்றி என்று நான் அதைப் படிக்கிறேன்.

கே: நானும் அவர் கட்சிதான். சொல்லாமலேயே எல்லாருக்கும் தெரியும். சொன்னா சங்கடம்.

ப: தெரியும் என்று நினைக்கிறோம். குமார், எப்லி இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக் கடிதம் எழுதியவர்கள், பெற்றவருக்கு எவ்வளவு சங்கடமாக இருக்கும் என்பதைக் கூட்டியும், எவ்வளவு மகிழ்வார் என்பதைக் குறைத்தும் கணித்திருந்தார்கள்.

கே: நான் எதிர்க்கட்சி. கணவர் போன பிறகு மாமியாரை ரெண்டு வருஷம் நான்தான் பார்த்துக்கிட்டேன். அவங்க பெத்த பிள்ளைகள் ஒரு வார்த்தை சொல்லல. “நமக்குள்ள என்ன”ன்னு சொல்றவங்க எப்பவும் வாங்கிக்கிற பக்கம் இருக்கிறவங்கதான்.

ப: இத்தனை ஆண்டுகளில் இதை இவ்வளவு தெளிவாக யாரும் என்னிடம் சொன்னதில்லை. நீங்களும் துக்கத்தில் இருந்துகொண்டுதான் அந்த இரண்டு வருடமும் செய்தீர்கள். அதை நான் பார்க்கிறேன்.

அண்ணனைப் பற்றி எழுதியவருக்கு ஒரு கேள்வி. உங்களுக்குத் தம்பி என்றால் அவருக்கும் தம்பிதான். அந்த மூன்று வாரத்தில் அவர் எப்போது அழுதார்?

கே: (அண்ணனைப் பற்றி எழுதியவர்) அவர் அழுது நான் பார்க்கல. இப்ப நினைச்சா எங்கயும் பார்க்கல. ஆனாலும் நன்றின்னு சொல்றது எனக்கு வராது.

ப: சொல்ல வேண்டாம். “நீ எப்படிண்ணே இருக்க?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அவர் பேசும்வரை பேசாமல் இருங்கள்.

கே: எத்தனை நாளில் பழைய நிலைக்கு வரலாம்?

ப: மேலே சொல்லிவிட்டேன்.

கே: ஒரு வருஷம் ஆச்சு, சரியாகலையே, எப்போ...

ப: மூன்றாவது முறையாக வரும் கேள்வி. தயவுசெய்து மேலே உள்ள பதிலைப் படியுங்கள். ஒரு வருடம் ஆகியும் அன்றாட வேலை ஓடவில்லை என்றால் இங்கே என்னைக் கேட்பதைவிட மனநல மருத்துவரை நேரில் பாருங்கள்.

கே: துக்கத்தில் இருக்கும் என் மனைவியிடம் “இருக்கிறவங்களுக்கு நன்றியோட இரு” என்று எப்படிப் புரிய வைப்பது?

ப: புரிய வைக்காதீர்கள். நன்றி அடுத்தவருக்குக் கொடுக்கும் மருந்து அல்ல. அவருக்கு இன்று எது பாரமாக இருக்கிறதோ அதில் ஒன்றை நீங்கள் எடுத்துச் செய்யுங்கள்.

கே: அப்பா இறந்தப்போ எல்லாத்தையும் ஓடி ஓடிப் பார்த்தது சித்தப்பா. எனக்கு அப்ப எதுவும் தெரியல. இப்பதான் ஒவ்வொண்ணா ஞாபகம் வருது. சொல்லலாம்னு பார்த்தா போன மாசம் அவரும் போயிட்டார். இப்ப யார்கிட்ட சொல்றது?

ப: அவருடைய பிள்ளைகளிடம். அப்பா அந்த நாட்களில் என்னவெல்லாம் செய்தார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அப்போது அவர் உங்கள் வீட்டில் அல்லவா இருந்தார். நினைவுக்கு வந்ததை வந்தபடியே, சின்னதையும் விடாமல் சொல்லுங்கள்.