மெட்டு முதலில், வார்த்தை அப்புறம்

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் இருந்து எழுதுகிறேன். பி.காம். இரண்டாம் ஆண்டு. கீபோர்டு வாசிக்கிற நண்பனோடு சேர்ந்து நாலு பாட்டு பதிவு செய்துவிட்டேன். கேட்கிறவர்கள் “வரி நல்லா இருக்கு” என்கிறார்கள், ஆனால் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. எங்கள் காலேஜில் தமிழ் பேசுகிறவர்களும் மலையாளம் பேசுகிறவர்களும் பாதிக்குப் பாதி. இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்கிற மாதிரி பாட்டு எழுதுவது எப்படி? ஒரு பல்லவி: ‘உன் நினைவுச் சுவடுகளில் தொலைந்து திரிகிறேன்.’

பதில்: பாட்டைக் கேட்டுவிட்டு “வரி நல்லா இருக்கு” என்று ஒருவர் சொன்னால், மெட்டு அவர் காதில் தங்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. எனக்கும் பல வருடம் அந்தப் பாராட்டுதான் கிடைத்தது.

உங்கள் வரியை இப்போது வாய்விட்டுப் பாடுங்கள். கடைசி ‘றேன்’ வரும்வரை நீட்டிப் பாட ஓர் எழுத்து கிடையாது. ‘னை’, ‘லை’ இருக்கிறதே என்பீர்கள். நடுவில் வரும் ஐகாரம் பாடும்போது குறுகிப்போகும். நாக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது, எங்கேயும் உட்காரவில்லை. படிக்க நல்ல வரிதான், பாடத்தான் வராது.

அதனால் காகிதத்தை மூடிவையுங்கள். நண்பனை ஒரு தாளம் போடச் சொல்லி, ‘தானா தன்னம் தன்னானா’ என்று வாய்க்கு வந்ததைப் பாடி போனில் பதிவு செய்யுங்கள். சினிமாவில் மெட்டுக்குப் பாட்டு எழுதுகிறவர்கள் கையில் இருப்பதும் இந்தத் தத்தகாரம்தான். தானா வரும் இடத்தில் நெடில், தன்ன வரும் இடத்தில் குறில் என்று வார்த்தையை உட்காரவையுங்கள்.

உங்கள் ஊரில் கணவாய்க் காற்று பனை ஓலையைப் போட்டு ஆட்டுமே, அதையே எடுப்போம். ‘காத்தே கொஞ்சம் நில்லு’. சரி, பரவாயில்லை. ஆனால் ‘லு’வை நீட்டினால் ‘லூ’ என்று அசிங்கமாகிவிடும். ‘காத்தே கொஞ்சம் நில்லேன்’ என்று மாற்றுங்கள். ‘லே’யில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம், கெஞ்சலும் தானாக வந்துவிட்டது. மலையாளத்துக்காரர்கள் ‘காற்றே’ என்பதை உச்சரிப்பதும் கிட்டத்தட்ட நம் ‘காத்தே’ மாதிரிதான். ‘நில்லு’ அவர்களுக்கும் நில்லுதான். இரண்டு மொழியையும் பிசைந்து எழுதுவதைவிட, இரண்டுக்கும் பொதுவான சொல்லைத் தேடுவது மேல்.

இனி அந்த வரியைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு தடவை ச, ரி, க பக்கமே சுற்றட்டும். மூன்றாவதில் ‘லே’ மட்டும் திடீரென்று ‘ப’வுக்குத் தாவட்டும். நான்காவதில் வரியை மாற்றி, ‘சேதி ஒண்ணு சொல்லேன்’ என்று ‘ச’வில் இறக்கிவிடுங்கள். நில்லேன், சொல்லேன்: எதுகையும் இயைபும் செலவில்லாமல் கிடைத்தன. 2016-இல் டர்ஹாம் பல்கலைக்கழகத்தின் கெல்லி யாக்குபோவ்ஸ்கியும் உடன் ஆய்வு செய்தவர்களும், மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும் பாட்டுகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சற்று வேகமான நடை, காதுக்குப் பழகிய ஏற்ற இறக்கம், அதற்குள் எதிர்பாராத ஒரு தாவல் அல்லது ஒரே ஸ்வரம் திரும்பத் திரும்ப வருவது என்பதுதான் அவர்கள் கண்டது. நம் ‘லே’ செய்வது அந்த வேலையைத்தான்.

தாளம் உங்கள் விருப்பம். கும்மியின் தகிட தகிட நடை வைத்தால் கை தானாகத் தட்டும். நாலு அடித் தாளம் என்றால் நிமிடத்துக்கு 100 அடி வையுங்கள். நாலு அடி கொண்ட ஒரு சுற்றுக்கு ஒரு வரி, அதாவது 2.4 விநாடி; நாலு வரியும் பத்து விநாடிக்குள் முடிந்துவிடும். ரீல்ஸுக்கு அது போதும். முன்னிசையை இழுக்காதீர்கள். மொத்தப் பல்லவியும் ஒரு ஸ்தாயிக்குள், அதாவது ஒரு ‘ச’வில் இருந்து அடுத்த ‘ச’வுக்குள், இருக்கட்டும், இல்லாவிட்டால் கூட்டம் சேர்ந்து பாடாது.

சரணத்தில் உங்கள் நினைவுச் சுவடுகளை வைத்துக்கொள்ளுங்கள், அங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.

முடிந்ததும் டீக்கடையில் ஒருவருக்கு ஒரே ஒரு தடவை பாடிக் காட்டுங்கள். மறுநாள் காலை அவரையே பாடச் சொல்லுங்கள். தப்பாகப் பாடினால் திருத்த வேண்டாம். எந்த இடத்தில் மாற்றினார் என்று குறித்துக்கொண்டு, அந்த இடத்தில் அவர் பாடியதையே வைத்துக்கொள்ளுங்கள்.