எம் 82-இன் எக்ஸ் கதிர் ஒளி எங்கிருந்து வருகிறது?

விண்மீன்கள் மிக வேகமாகப் பிறக்கும் ஸ்டார்பர்ஸ்ட் காலக்ஸிகளின் எக்ஸ் கதிர்ப் படங்களில் வட்டுக்கு மேலும் கீழும் விரியும் ஒளி, சூப்பர்நோவாக்கள் (விண்மீன் வெடிப்புகள்) வெளியே தள்ளும் சூடான காற்றேதானா, அதாவது வேகமான வாயுப் பாய்ச்சல்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒளியின் பெரும்பகுதி காற்றினுடையது அன்று, காற்று மோதும் இடங்களினுடையது என்பதே என் பதில்.

சுமார் 1.2 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள எம் 82 என்னும் ஸ்டார்பர்ஸ்ட் காலக்ஸியை எடுத்துக்கொள்வோம். அதன் வட்டு நமக்கு ஏறக்குறைய விளிம்பைக் காட்டி நிற்பதால், மேலும் கீழும் வெளியேறும் வாயு தனியாகத் தெரிகிறது. அங்கே பிரகாசமாக இருப்பது சில பத்து லட்சம் கெல்வின் வெப்பநிலையிலுள்ள வாயு. வாயு வெளியிடும் ஒளி அடர்த்தியின் இருமடியைப் பொறுத்தது என்பதுதான் இங்கே முக்கியம்: அடர்த்தி பத்தில் ஒன்றானால் ஒளி நூறில் ஒன்றாகிவிடும். ஆற்றலின் பெரும்பங்கைச் சுமக்கும் காற்று மிக மெல்லியது. ஆகவே அது மங்கிக் கிடக்க, குளிர்ந்த மேகங்களின் மீது அது மோதிச் சூடாக்கும் அடர்ந்த ஓரங்களே படத்தை நிரப்புகின்றன. அயனியாகிய ஹைட்ரஜனின் சிவப்பு இழைகளும் எக்ஸ் கதிர் இழைகளும் பல இடங்களில் ஒட்டியே செல்வது இதற்கு வலுவான சான்று. எக்ஸ்எம்எம்-நியூட்டன் எக்ஸ் கதிர் விண்தொலைநோக்கியின் நிறமாலையில், சூடான ஆக்சிஜன் அயனிகள் குளிர்ந்த அணுக்களிடமிருந்து எலக்ட்ரானைப் பறிக்கும்போது எழும் ஒளியின் அடையாளமும் காணப்பட்டிருக்கிறது. சூடும் குளிரும் தொட்டுக்கொள்ளும் எல்லையில்தான் அது நிகழ முடியும்.

அப்படியானால் காற்றை எங்கே தேடுவது? மையத்தில், எக்ஸ் கதிரின் ஆற்றல் 2 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் இருக்கும் ஒளியில். ஆனால் அந்த ஆற்றலில் எக்ஸ் கதிர் இரட்டை விண்மீன்களின் (நியூட்ரான் விண்மீனோ கருந்துளையோ தன் துணை விண்மீனின் வாயுவை இழுத்து ஒளிரும் இணைகள்) ஒளியே ஓங்கியிருக்கும். 1999-இல் ஏவப்பட்ட சந்திரா தொலைநோக்கி அரை வில்விநாடிக் கூர்மையோடு அப்புள்ளிகளைப் பிரித்து நீக்கிய பிறகே, எஞ்சிய பரவலான ஒளியில் 6.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் 24 எலக்ட்ரான்களை இழந்த இரும்பின் நிறமாலைக் கோடு தெளிவாகப் புலப்பட்டது. அதிலிருந்து பெறப்பட்ட வெப்பநிலை 3 முதல் 8 கோடி கெல்வின். அத்தகைய வாயு தடையின்றி விரிந்தால் விநாடிக்கு 1,400 முதல் 2,200 கி.மீ. வரை வேகம் எட்டும். இந்த இரும்புக் கோட்டையே நான் காற்றின் உண்மையான முகமாகக் கருதுகிறேன்.

2023-இல் ஏவப்பட்ட எக்ஸ்ரிஸம் எக்ஸ் கதிர் விண்தொலைநோக்கியின் நிறமாலைக் கருவிமுன் உள்ள அடைப்பு திறக்காததால், சுமார் 1.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழான கதிர்கள் அதை எட்டுவதில்லை, இது பேரிழப்பே. எனினும் இரும்புக் கோடு தடையின்றி உள்ளே வருகிறது, அதன் அகலத்தை அளந்து வாயுவின் வேகத்தை நேரடியாகவே அறியும் நுண்மையும் அக்கருவிக்கு உண்டு.